ஆளைப் பார்த்தா தீர்ப்பு?

வயலில் இருந்த பம்புசெட் மோட்டார் திருட்டுப் போகிறது. விடிந்ததும் டீக்கடையில் என்ன பேசுகிறார்கள்?

"இது அந்தத் தெருப் பையன்கள் வேலைதான்!" என்கிறார் ஒருவர்.

"வேறு யார் செய்வார்கள்?" என்கிறார் இன்னொருவர்.

போலீசார் இன்னும் வரவில்லை. பார்த்த சாட்சி இல்லை. ஆனாலும், தீர்ப்பு வந்துவிட்டது!

இந்தக் கெட்ட பழக்கத்தைப் பிட்டுப் பிட்டு வைக்கும் நாடகம் ஒன்று உண்டு. "கோபம் கொண்ட பன்னிரண்டு பேர்" என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். ரெஜினால்டு ரோஸ் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1954-ம் ஆண்டில் டெலிவிஷனுக்காக எழுதியது. பிறகு மேடை ஏறியது. 1957-ல் சினிமாவாகவும் வந்தது.

ஒருவரின் சந்தேகம்

ஏழைகள் வாழும் பேட்டையில் பிறந்த ஒரு பையன். தகப்பனைக் கத்தியால் குத்திக் கொன்றதாக அவன் மீது வழக்கு. பொதுமக்களில் 12 பேரை ஜூரர்களாக உட்கார வைக்கிறார்கள். அவர்கள் "குற்றவாளி" என்றால் பையனுக்கு மரணம். எந்த முடிவானாலும் 12 பேரும் ஒத்துச் சொல்ல வேண்டும்.

முதல் ஓட்டில் 11 பேர் "குற்றவாளி" என்கிறார்கள். ஒருவர் மட்டும் ஒப்பவில்லை. "பையன் நல்லவன்" என்று அவர் வாதாடவில்லை. "ஓர் உயிர் போகிற காரியம். கொஞ்சம் பேசிப் பார்ப்போம்" என்கிறார். அவ்வளவுதான்!

பேசப் பேச, சாட்சியம் ஆட்டம் காண்கிறது. கால் ஊனமான கிழவர் 15 விநாடியில் வாசலுக்கு வந்திருக்க முடியுமா? கண்ணாடி அணியும் பெண், படுக்கையில் இருந்தபடி, ஓடும் ரெயிலின் ஜன்னல்கள் வழியாகக் கொலையைப் பார்த்திருக்க முடியுமா?

சாட்சியம் ஆடும்போது மனிதர்களின் உள்ளமும் வெளியே வருகிறது. "அந்தக் கூட்டமே அப்படித்தான்" என்று வெறுப்பவர் ஒருவர். சொந்த மகன் மேல் உள்ள கோபத்தை இந்தப் பையன் மேல் காட்டுபவர் ஒருவர். முடிவில் 12 பேரும் "குற்றவாளி அல்ல" என்கிறார்கள்.

நம் நாட்டு ஜூரி

நம் நாட்டிலும் ஜூரி இருந்தது. மாயவரத்தில் பிறந்து தமிழகத்தையே பாட்டால் மயக்கிய தியாகராஜ பாகவதரின் கதையைக் கேளுங்கள். லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் அவரும் என்.எஸ். கிருஷ்ணனும் குற்றம் சாட்டப்பட்டார்கள். 1945-ல் சென்னை ஐகோர்ட்டில் ஜூரர்கள் 9 பேரில் 6 பேர் "குற்றவாளிகள்" என்றார்கள். 3 பேர் "இல்லை" என்றார்கள். அன்றைய நம் சட்டத்துக்கு அந்தப் பெரும்பான்மையே போதுமானதாக இருந்தது. இருவருக்கும் ஆயுள் தண்டனை கிடைத்தது. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று திரும்பியது. 1947-ல் இருவரும் விடுதலை ஆனார்கள்.

நாடகத்தில் ஒருவரின் சந்தேகம் ஓர் உயிரைக் காத்தது. இங்கே மூவரின் சந்தேகம் சிறைக் கதவைத் தடுக்கவில்லை!

1973-ம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஜூரிக்கு இடம் இல்லாமல் போயிற்று. சரி, ஜூரி போனதும் தப்பெண்ணமும் போய்விட்டதா?

வெண்மணி

1968 டிசம்பர் 25-ந் தேதி இரவு. அன்றைய தஞ்சை ஜில்லாவின் கீழ்வெண்மணி. கூலி உயர்வு கேட்டதால் மூண்ட தகராறு, கொடிய முடிவுக்கு வந்தது. ஒரே குடிசையில் ஆதிதிராவிடத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரிந்து சாம்பலானார்கள். பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள்.

1970-ல் செஷன்ஸ் கோர்ட்டு மிராசுதார்கள் சிலரைத் தண்டித்தது. 1973-ல் ஐகோர்ட்டு அவர்களை விடுதலை செய்தது. ஐகோர்ட்டு சாட்சியத்தில் குறை கண்டது. அதோடு, நிறைய நிலம் உள்ள பணக்காரர்கள், ஏவலாட்கள் இல்லாமல் தாங்களே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்றும் கூறியது.

சாட்சியம் போதாது என்றால் விடுதலை செய்ய வேண்டியதுதான். அது சட்டம். ஆனால், நிலமும் செல்வமும் சாட்சியம் ஆகுமா? நாடகத்துப் பையனை, ஏழை என்பதால் "செய்திருப்பான்" என்றார்கள். இங்கே, பணக்காரர் என்பதால் "செய்திருக்கமாட்டார்" என்ற எண்ணம் வந்தது. இரண்டும் ஒரே தராசின் இரண்டு தட்டுகள் அல்லவா? இரண்டிலும் ஆளைத்தான் நிறுத்தார்கள்.

நாமும் ஜூரர்களே

கோர்ட்டு மட்டும் திருந்தினால் போதாது. வீட்டில் மோதிரம் காணவில்லை என்றால் முதலில் யாருடைய மடியைப் பார்க்கிறோம்? பாத்திரம் தேய்க்கும் அம்மாளுடைய மடியை! மோதிரம் மறுநாள் தலையணை உறைக்குள் கிடைக்கும். அவளுக்கு நேர்ந்த அவமானத்தை எதைக் கொடுத்து ஈடு கட்டுவது?

யார் பார்த்தார்கள்? எப்படிப் பார்த்தார்கள்? வேறு விதமாக நடந்திருக்க முடியாதா? இந்த மூன்று கேள்விகளையும் கேட்ட பிறகு வாயைத் திறப்போம்.

டெல்டா கிராமங்களில் பள்ளிக்கூட ஆண்டு விழா நடத்துவோருக்கு ஒரு யோசனை. இந்த நாடகத்தைத் தமிழில் போடுங்கள். அரண்மனைத் திரை வேண்டாம். ராஜா உடுப்பு வேண்டாம். ஒரு மேஜை, 12 நாற்காலி போதும். பிள்ளைகள் நடிக்கட்டும். பெரியவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்து பார்க்கட்டும்!