துணைப்பொருள் வழங்கலும் கருவி வழிபாடும்

கையடக்கத் தொலைபேசிச் செயலிகளை ஆக்கும் துறையில் ‘டிபென்டென்சி இன்ஜெக்சன்’ என்னும் தொடர் இன்று ஒரு மந்திரச் சொல்லாகவே வழங்கி வருகின்றது. நேர்முகப் பரீட்சைகளில் அது தவறாத வினா. மாணவரின் செயற்றிட்ட அறிக்கைகளில் அது தனி அத்தியாயம். ஆயின், அத்தொடர் எதனைக் குறிக்கின்றது என வினவின், பலரிடமிருந்து விடையாகக் கிடைப்பது ஒரு கருவியின் பெயரே. ‘ஹில்ட்’ என்பர் சிலர். ‘டாகர்’ என்பர் வேறு சிலர். ‘கொயின்’ என்பாரும் உளர். கொள்கையைக் கேட்டார்க்குக் கருவியைக் காட்டும் இம்மனப்பாங்கு தவறானது மட்டுமன்று, தீங்கானதும் ஆகும். கொள்கையை மறுப்பது எமது நோக்கமன்று. அதனைக் கருவி வழிபாட்டினின்றும் மீட்டல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதற்கண் கொள்கை யாதெனத் தெளிதல் வேண்டும். ஒரு நூலகச் செயலியை எடுத்துக்கொள்வோம். இரவல் பெற்ற நூலை உரிய காலத்தில் திருப்பிக் கொடாதவர் செலுத்தவேண்டிய தண்டப்பணத்தைக் கணிக்கும் வகுப்பு ஒன்று அதில் உண்டு. அவ்வகுப்பு இன்றைய திகதியைத் தானே தொலைபேசியின் கடிகாரத்திடம் கேட்டறியுமாயின், பெப்ரவரி 29 அன்று கணிப்புச் சரியாக நிகழுமா எனச் சோதிக்க விரும்புபவர் அடுத்த லீப் ஆண்டு வரை காத்திருக்க வேண்டும். அன்றேல் தொலைபேசியின் திகதியை மாற்றி அதனை ஏமாற்ற வேண்டும். மாறாக, கடிகாரம் வெளியிலிருந்து அவ்வகுப்புக்குக் கொடுக்கப்படுமாயின், சோதிப்பவர் தாம் விரும்பிய திகதியைக் காட்டும் பொய்க்கடிகாரம் ஒன்றைக் கொடுத்து ஒரு நொடியில் விடை காணலாம். ஒரு பொருள் தனக்கு வேண்டிய துணைப்பொருள்களைத் தானே ஆக்காமலும் தேடிச் செல்லாமலும், பிறர் தரப் பெற்றுக்கொள்ளுதல் என்னும் இவ்வளவே கொள்கை. கன்ஸ்ட்ரக்டர் என வழங்கும் ஆக்குமுறைக்கு ஓர் உள்ளீட்டைச் சேர்ப்பதால் இது நிறைவேறுகின்றது. இதற்கு எந்தக் கருவியும் வேண்டியதில்லை.

இக்கொள்கை திடீரெனத் தோன்றியதும் அன்று. மாறக்கூடிய முடிவுகளை ஒவ்வொரு கூற்றினுள்ளும் மறைத்து வைத்தே பெருநிரல்களைப் பகுத்தல் வேண்டும் என 1972 இல் டேவிட் பார்னாஸ் எழுதினார். உயர்நிலைக் கூறுகள் தாழ்நிலைக் கூறுகளின் நுணுக்கங்களில் தங்கியிருத்தலாகாது என்னும் விதியை 1996 இல் றொபேட் மார்ட்டின் வகுத்துரைத்தார். 2004 இல் மார்ட்டின் பவுலர் தமது கட்டுரையொன்றில் இம்முறைக்கு இன்று வழங்கும் பெயரைச் சூட்டி, அதனை மூவகைப்படுத்தினார். பொருள் தானே கேட்டுப் பெறும் முறையினின்றும் அதனை வேறுபடுத்திக் காட்டியவரும் அவரே. கொயின் போன்ற கருவிகளை வகுப்பினுள்ளேயே அழைத்துத் துணைப்பொருளைக் கேட்டுப் பெற்றுவிட்டு, “நாம் இன்ஜெக்சன் செய்தோம்” எனப் பெருமை கொள்வோர் இவ்வேறுபாட்டை அறியாதோர் ஆவர்.

பெயர் பற்றியும் ஒரு வார்த்தை கூறுதல் பொருந்தும். இத்தொடரைச் ‘சார்பு உட்செலுத்தல்’ எனச் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பார் உளர். உயர்தர வகுப்பிற் கணிதம் பயின்ற எம் மாணவருக்குச் ‘சார்பு’ என்பது முற்றிலும் வேறொன்று. அவர் கற்ற ஒன்றுக்கொன்றான சார்பினை ஆங்கிலக் கணித நூல்கள் ‘இன்ஜெக்சன்’ என்றே அழைப்பதால் மயக்கம் இரட்டிக்கின்றது. ‘உட்செலுத்தல்’ என்பதோ ஊசி மருந்தை நினைவூட்டி, யாரோ ஒரு வல்லுநர் எம் உடலினுள் எதனையோ ஏற்றுகின்றார் என்ற பிரமையை உண்டாக்குகின்றது. கருவி வழிபாட்டின் வித்து இப்பெயரிலேயே கிடக்கின்றது. ‘துணைப்பொருள் வழங்கல்’ எனின் மருமம் அகன்றுவிடுகின்றது. வழங்குபவர் யார், பெறுபவர் யார் என்ற வினாக்கள் இயல்பாகவே எழுகின்றன.

அங்ஙனமாயின், கையடக்கத் தொலைபேசித் துறையிற் கருவிகள் ஏன் இத்துணை ஆட்சி பெற்றன? இது தற்செயலானதன்று. அண்ட்ரொயிட்டிற் செயலியின் திரைக்குரிய ‘அக்டிவிட்டி’ என்னும் பொருளை ஆக்குவது நாமன்று; இயக்கமுறைமையே அதனை ஆக்குகின்றது. எனவே அதன் ஆக்குமுறையில் எமது துணைப்பொருளைக் கொடுத்தல் நெடுங்காலம் இயலாதிருந்தது. 2018 இல் வெளிவந்த அண்ட்ரொயிட் 9 இலேயே அதற்கான வழி திறந்தது. ஐபோனிலும் ஸ்டோரிபோர்ட்டின் வழி ஆக்கப்படும் திரைகளுக்கு இத்தடை இருந்தது; 2019 இல் ஐஓஎஸ் 13 அதனைத் தளர்த்தியது. இந்த உண்மையான இடர்ப்பாட்டை நிரப்பவே கருவிகள் புகுந்தன. ஆனால், திரை என்னும் வாயிலில் மட்டும் வேண்டப்பட்ட கருவி, வீடு முழுவதையும் தனதாக்கிக் கொண்டது.

அக்கருவிகளின் வரலாற்றை நோக்குக. 2007 இல் கூகிளின் ‘கைஸ்’ வெளிவந்தது. அதனை அண்ட்ரொயிட்டுக்குக் கொணர்ந்த ‘ரொபோகைஸ்’ இன்று வழக்கொழிந்துவிட்டது. 2012 இல் ஸ்குவெயர் நிறுவனத்தின் டாகர் தோன்றியது. 2015 இல் கூகிள் அதனை மீளவமைத்து டாகர் 2 எனத் தந்தது. 2017 இல் அண்ட்ரொயிட்டுக்கெனத் தனி இணைப்பு வந்தது. 2020 இல் அதன் இடத்தை ஹில்ட் பிடித்தது. அண்ட்ரொயிட்டின் உத்தியோகபூர்வ வழிகாட்டியே ஒரு காலத்தில், கைஸ், ரொபோகைஸ் போன்ற சட்டகங்கள் தொடக்கத்திற் செய்நிரலைத் துழாவி நினைவகத்தை விரயஞ் செய்கின்றன என எச்சரித்தது. பின்னர் அதுவே டாகரையும் ஹில்டையும் விதந்துரைத்தது. கருவியைக் கற்றவர் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கற்க நேர்ந்தது. ஆக்குமுறையின் வழி துணைப்பொருளைக் கொடுத்தல் என்னும் கொள்கையோ இக்காலம் முழுவதும் இம்மியும் மாறவில்லை. எதனை முதலிற் கற்பித்தல் வேண்டும் என்பதற்கு இதனிலும் வேறு சான்று வேண்டுமோ?

இனி, கருவி வழிபாட்டால் விளையும் தீங்குகளை எடுத்துரைப்போம்.

முதலாவது, அது எச்சரிக்கை மணியை ஊமையாக்குகின்றது. ஒரு வகுப்பின் ஆக்குமுறை பத்துத் துணைப்பொருள்களைக் கேட்குமாயின், அவ்வகுப்பு அளவுக்கு மிஞ்சிய பணிகளைத் தலைமேற் கொண்டுள்ளது என்பதற்கு அதுவே அறிகுறி. கையால் அப்பத்தையும் ஆக்கிக் கொடுக்க வேண்டியவர் சலிப்படைவார். அச்சலிப்பே வகுப்பைப் பிரிக்குமாறு அவரைத் தூண்டும். கருவியோ பதினோராவதையும் முகஞ்சுளிக்காது கொணர்ந்து தருகின்றது. நோவை மறைத்து நோயை வளர்க்கும் மருந்தை நல்ல மருந்தென யாரும் கூறார்.

இரண்டாவது, அது பொருள்களின் ஆயுளைக் கண்ணுக்கு மறைக்கின்றது. தொலைபேசியைப் பக்கவாட்டிற் சாய்த்தால் வழமையாகத் திரைப்பொருள் அழிந்து புதிதாக ஆக்கப்படும். பின்னணியிற் கிடக்கும் செயலியை இயக்கமுறைமை எவ்வேளையிலும் நிறுத்திவிடலாம். ஆகவே எப்பொருள் செயலியுடன் வாழ்வது, எப்பொருள் திரையுடன் மடிவது என்பது இத்துறையின் தலையாய வினாவாகும். செயலி முழுவதற்கும் ஒன்றேயென அமைந்த பொருளொன்று, அழியவேண்டிய திரையைப் பற்றிக்கொண்டிருப்பின், அத்திரையின் நினைவகம் விடுவிக்கப்படாது தேங்கும். இணைப்பைக் கையால் எழுதுபவர் இவ்வினாவை எதிர்கொள்ளாது ஓர் அடியும் நகர முடியாது. வகுப்பின் தலையில் ஓர் அனொட்டேசனை ஒட்டிவிட்டு நகர்பவரோ அவ்வினா எழுந்ததையே அறியார்.

மூன்றாவது தீங்கு கற்போனைச் சார்ந்தது. டாகரின் பிழைச்செய்திகள், அவன் எழுதாத, கருவி தானாக இயற்றிய செய்நிரலைச் சுட்டி நிற்கின்றன. தான் எழுதாததிற் பிழை தேடும் மாணவன் காரணத்தை ஆராய்வதில்லை. எங்கோ கிடைத்த வரியொன்றைப் பிரதி செய்து, பிழை மறைந்ததும் மகிழ்கின்றான். இது பொறியியல் அன்று; பரிகாரம் செய்தல்.

எதிர்த்தரப்பாரின் வாதத்தையும் நேர்மையாக நோக்குதல் வேண்டும். நூற்றுக்கணக்கான வகுப்புகளையும் பல குழுக்களையும் கொண்ட பெருஞ்செயலியில், அனைத்தையும் கையால் இணைத்தல் பெருஞ்சுமை என்பர் அவர். டாகர் துணைப்பொருட் பிணைப்புகளைத் தொகுப்பு வேளையிலேயே சரிபார்ப்பதால், விடுபட்டதொன்று பயனாளரின் கையில் வெடிக்காது என்றும் கூறுவர். இவை இரண்டும் உண்மையே; மறுப்பதற்கில்லை. ஆனால் இவ்வாதம் பெருஞ்செயலிக்கே பொருந்தும். நாலைந்து திரைகள் கொண்ட மாணவச் செயலிக்கு அதே ஏற்பாட்டை விதித்தல், சிற்றோடையைக் கடக்கக் கப்பல் கட்டுவது போன்றது. மேலும், கையால் எழுதிய இணைப்பிலும் ஓர் உள்ளீடு விடுபட்டால் தொகுப்பி அதனை ஏற்காது. அக்காவலுக்கு மொழியே போதுமானது. எளிய செயலிகளுக்குக் கைவழி வழங்கலே தகும் என்பதை அண்ட்ரொயிட்டின் கட்டமைப்பு வழிகாட்டியும் ஏற்றுக்கொள்கின்றது. கருவியைத் தந்தவர் ஒப்புக்கொள்வதை அதன் அடியார் ஒப்புக்கொள்ள மறுப்பதே விந்தை.

இக்கொள்கையே வீண் ஆடம்பரம் எனக் கூறி, எங்கும் எதனையும் நேரே ஆக்கிக்கொள்ளும் மற்றொரு சாராரும் உளர். அவர்க்கு மேற்காட்டிய கடிகாரமே விடை. சோதிக்க இயலாத செய்நிரலை நம்புதல் துணிவன்று, அசட்டை.

செய்யவேண்டியது யாது? பாடநெறியில் வரிசையை மாற்றுதல் வேண்டும். மாணவன் முதலில் ஒரு சிறு செயலியின் இணைப்புகள் யாவற்றையும், எந்தச் சட்டகமுமின்றி, ஒரே இடத்தில், தன் கையால் எழுதுக. எப்பொருளை யார் ஆக்குகின்றார், அது எதுவரை வாழும் என்பதை அவன் வாய்மொழியாக விளக்குக. பொய்க்கடிகாரத்தையும் பொய்த்தரவுக் களஞ்சியத்தையும் கொடுத்துச் சோதனைகளை எழுதுக. செயலி வளர்ந்து கை தளரும் நாளில் அவன் கருவியைத் தேடட்டும். அப்பொழுது அது எப்பணியைத் தன்னிடமிருந்து ஏற்றுக்கொள்கின்றது என்பதை அவன் அறிந்திருப்பான். மதிப்பீடு செய்யும் ஆசிரியரும், தொழிலுக்குத் தேர்வோரும், “எக்கருவியைப் பயன்படுத்தினாய்?” எனக் கேட்பதை விடுத்து, “இப்பொருளுக்கு இதனை யார் கொடுத்தார்? ஏன்?” எனக் கேட்பாராக.

கருவிகள் இனியும் வரும். இன்றைய ஹில்டும் ஒருநாள் ரொபோகைஸின் வழியே செல்லும். அன்று, கருவியை மட்டும் கற்றவர் மீண்டும் தொடக்கத்தில் நிற்பர். கொள்கையைக் கற்றவர் தம் பணியைத் தொடர்வர். எம் பல்கலைக்கழகங்கள் இவ்விருவருள் எவரை உருவாக்குதல் வேண்டும் என்பதே எம்முன் உள்ள வினா.