பொன்மெருகு ஜாடிகளும் சங்கத்தின் பொறுப்பும்

மின்சாரச் சூளை வைத்துள்ள மண்பாண்டத் தொழிலாளர் சங்கங்களில், பொன்னைப் போலவும் வெண்கலத்தைப் போலவும் மின்னும் ஜாடிகள் செய்யவேண்டும் என்னும் ஆவல் எழுந்துள்ளது. ஊறுகாய் விற்கும் விவசாயிகள் சங்கங்களும் அவற்றை விரும்பிக் கேட்கின்றன. ஆவல் போற்றத்தக்கதே. எனினும், ஆர்டரை ஏற்குமுன் அங்கத்தினர்கள் சில விஷயங்களைச் சிந்தித்தல் அவசியமாகும்.

விறகுச் சூளையில் காற்றைக் குறைத்துப் புகையூட்டினால், மெருகிலுள்ள தாமிரம் பிராணவாயுவை இழந்து உலோக ஒளி பெறும். மின்சாரச் சூளையில் தீயும் இல்லை, புகையும் இல்லை. வலிந்து புகையூட்டினால் கம்பிச் சுருள்கள் விரைவில் பழுதடையும். ஆதலின், மெருகுக் கலவையில் மாங்கனீஸ் டையாக்ஸைடையும் தாமிர ஆக்ஸைடையும் மிகுதியாகச் சேர்த்து, 1,200 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் சுடுகின்றனர். உருகிய கண்ணாடி ஏற்கவியலாத உலோகச் சத்து, சூளை ஆறும்பொழுது மேற்பரப்பில் படிந்து ஒளிர்கிறது. 1902-இல் வியன்னாவில் பிறந்து 1938-இல் லண்டனில் குடியேறிய லூசி ரீ அம்மையார், மின்சாரச் சூளையிலேயே இத்தகைய கிண்ணங்களைச் சுட்டுப் புகழ் எய்தினார். ஆகவே, நம் தொழிலாளராலும் இது இயலும்.

ஆனால், மாங்கனீஸின் தூசியும் சூளை ஆவியும் நஞ்சாகும். அவற்றை நீண்டகாலம் சுவாசிப்போருக்கு நரம்புகள் கெட்டு, கை நடுங்கி, நடை தளரும். குடியிருக்கும் வீட்டிலோ, சக்கரம் சுழலும் கொட்டகையிலோ இச்சூளையை வைத்தல் தகாது. சூளைக்குத் தனிக் கொட்டகையும், ஆவியை வெளியேற்றும் விசிறியும், கலவை செய்வோருக்குத் தக்க முகமூடியும் வேண்டும்.

மற்றொன்று, மேலே படிந்த உலோகச் சத்து கண்ணாடிக்குள் உறுதியாகப் பிணைந்திருப்பதன்று. புளியும் எலுமிச்சையும் வினிகரும் அதைக் கரைக்கக்கூடும். ஆகையால் பொன்மெருகு ஜாடியின் வெளிப்புறத்திற்கு மட்டுமே இருக்கட்டும். வாய்விளிம்பிலும் உட்புறத்திலும் ஈயம் கலவாத தெளிந்த மெருகே பூசப்படவேண்டும். முதல் சூளையில் வெந்த ஜாடியொன்றைப் பரிசோதனைச் சாலைக்கு அனுப்பி, முடிவு கிடைத்தபின் விற்பனையைத் தொடங்குதல் நலம்.

சங்கக் கணக்குகளைப் பார்வையிடும்பொழுது களிமண், மின்சாரம், கூலி ஆகியவற்றின் செலவு முறையாக எழுதப்பட்டிருப்பதைக் காண்கிறேன். விசிறிக்கும் முகமூடிக்கும் பரிசோதனைக்கும் ஆகும் தொகையை லாபம் வந்தபின் பார்த்துக்கொள்ளலாம் எனச் சில நிர்வாகிகள் ஒத்திவைக்கின்றனர். இது தவறு. அத்தொகையும் அடக்கவிலையைச் சேர்ந்ததே. அதனைச் சேர்த்தபின் ஜாடி விலைபோகாதெனில், அந்த ஆர்டரை மறுப்பதே முறை. வாங்கும் சங்கமும் செய்யும் சங்கமும் நம்முடையவையே. நாலணா குறைத்துக் கேட்பதற்காக ஒரு தொழிலாளியின் கை நடுங்கலாகாது. அடுத்த பொதுக்கூட்டத்தில் அங்கத்தினர்கள் இதனை விவாதித்துத் தீர்மானிக்க வேண்டுகிறேன்.