நல்லெண்ணெயும் மேற்கோள் கணக்கும்

வயசுக்கு வந்த பிள்ளைக்கு விடிந்ததும் வெறும் வயிற்றில் பச்சை முட்டை. அதைக் குடித்த கையோடு, அந்த முட்டை ஓட்டையே அளவாக வைத்து நல்லெண்ணெய். இடுப்புக்குப் பலம் என்று இலங்கை மலையகத் தேயிலைத் தோட்ட லயங்களில் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் பக்குவம் இது. 1977-78இல் அந்த எண்ணெயே இருபதுக்கும் மேற்பட்ட சிறுமிகளை முடக்கிப் போட்டது. கெண்டைக்காலில் உளைச்சல், பிறகு பாதம் தொங்கி நடை தடுமாறியது. கைகளும் பலம் இழந்தன.

காரணத்தைத் தேடிப் பிடித்தவர்கள் இருவர்: பேராதனை மருத்துவ பீடத்தின் நரம்பியல் நிபுணர் நிமால் சேனாநாயக்க, தொழில்சார் மருத்துவ அறிஞர் ஜே. ஜெயரத்தினம். நல்லெண்ணெயில் ட்ரை-கிரிசைல் பாஸ்பேட் கலந்திருந்தது. இயந்திர எண்ணெய்களில் சேர்க்கப்படும் இரசாயனம் அது. முன்பு கனிம எண்ணெய் இருந்த கொள்கலன்களில் சமையல் எண்ணெயை ஏற்றியதால் வந்த வினையாக இருக்கலாம் என்று கருதப்பட்டது. இந்த நஞ்சு உடனே வேலையைக் காட்டாது. சில நாட்களோ வாரங்களோ கழித்து, உடலின் மிக நீளமான நரம்புகளை நுனியிலிருந்து அரிக்கத் தொடங்கும். அதனால்தான் முதலில் பாதம் விழுகிறது. 1930இல் அமெரிக்காவில் இஞ்சிச் சாறு குடித்த ஆயிரக்கணக்கானோரையும், 1959இல் மொரோக்கோவின் மெக்னெஸ் நகரில் சுமார் 10,000 பேரையும் முடக்கியது இதே இனத்து நஞ்சுதான். இலங்கைச் சிறுமிகளின் கதை 1981இல் லண்டனின் 'லான்செட்' சஞ்சிகையில் வெளியானது.

அதோடு சேனாநாயக்க நிற்கவில்லை. பூச்சிமருந்தைக் குடித்துவிட்டு மருத்துவமனைக்கு வந்தவர்களில் சிலர் தேறிவிட்டதுபோல் தெரிந்து, ஓரிரு நாளில் மூச்சு நின்றுபோவதை அவரும் லக்ஷ்மன் கரலியத்தயும் கவனித்தார்கள். நஞ்சு குடித்த 24 முதல் 96 மணி நேரத்துக்குள் கழுத்து, தோள், தொடை, மூச்சுத் தசைகள் செயலிழக்கின்றன. நோயாளியால் தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியாவிட்டால் அதுவே முதல் எச்சரிக்கை. பத்தே நோயாளிகளை வைத்து எழுதிய அந்தக் கட்டுரை 1987இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினி'ல் வந்தது. இன்று நஞ்சு மருத்துவம் பற்றிய பாடநூல்களில் அதற்கு நிலையான இடம் உண்டு.

ஜெயரத்தினம் பின்னாளில் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். உலகில் ஆண்டுக்கு 30 இலட்சம் பேர் பூச்சிமருந்து நஞ்சால் கடுமையாகப் பாதிக்கப்படுகிறார்கள் என்று 1990இல் அவர் எழுதிய மதிப்பீட்டைப் பல பத்தாண்டுகளாக ஆய்வாளர்கள் எடுத்தாண்டு வருகிறார்கள்.

இன்று ஓர் ஆய்வாளரின் தரத்தைப் பேசத் தொடங்கினாலே எச்-இன்டெக்ஸ் முன்னுக்கு வந்துவிடுகிறது. இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் 2005இல் வகுத்த கணக்கு அது. குறைந்தது 20 தடவை மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் ஒருவரிடம் 20 இருந்தால் அவருடைய எண் 20. இதை வீண் என்று தள்ளிவிட முடியாது. பேராதனையின் பத்து நோயாளிகள் உலகெங்கும் உயிர் காக்க உதவியிருக்கிறார்கள் என்பதற்கு மேற்கோள்களும் ஒரு சாட்சிதான்.

ஆனால் மேற்கோள் காட்டுகிறவர் இன்னொரு ஆய்வாளர். கொழுந்து பறிக்கும் தாய் எந்தச் சஞ்சிகையிலும் எழுதுவதில்லை. அந்தக் கணக்கில் அவளுக்கு ஓட்டே கிடையாது. நல்லெண்ணெய் நஞ்சு போன்ற அரிய சம்பவத்தைத் திரும்ப எடுத்தாள வேண்டிய தேவையும் உலகில் மிகச் சிலருக்கே வரும். மலையகத்துக்கு அந்த 'லான்செட்' கட்டுரையைவிட நெருக்கமான நரம்பியல் கட்டுரை வேறு இருக்குமா என்பது ஐயமே. இருந்தும் மேற்கோள் போட்டியில் அது பின்தங்கியே நிற்கும்.

1987ஆம் ஆண்டுக் கட்டுரையில் இடம்பெற்ற பூச்சிமருந்துகளில் மெத்தமிடோபொஸ், மோனோகுரோட்டோபொஸ் இரண்டும் 1995க்குள் இலங்கையில் தடைசெய்யப்பட்டன. அப்போது ஒரு இலட்சம் பேருக்கு 47 ஆக இருந்த தற்கொலை வீதம் 2005இல் 24 ஆக இறங்கியது. இதற்குப் பின்னால் பல ஆய்வாளர்களின், அதிகாரிகளின் உழைப்பு இருக்கிறது. பிழைத்த உயிர்களை எண்ண எந்த எச்-இன்டெக்ஸிலும் வழியில்லை.

இலங்கைப் பல்கலைக்கழகங்களில் பேராசிரியர் பதவிக்கு வெளியீடுகளைப் பார்த்துப் புள்ளி போடுகிறார்கள். அந்தப் பட்டியலில் இன்னொரு வரி சேர வேண்டும். ஆய்வுக்கு உடலைக் கொடுத்த மக்களின் மொழியிலேயே இரண்டு பக்கம் எழுதி, அவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்தால் அதற்கும் புள்ளி. ஹட்டனிலும் தலவாக்கலையிலும் தோட்ட மருந்தகச் சுவரில் அந்தத் தாளை ஒட்டலாம். எஞ்சின் ஒயில் இருந்த கேனில் சமையல் எண்ணெய் வாங்காதீர்கள், பூச்சிமருந்து உள்ளே போனவர் எழுந்து உட்கார்ந்துவிட்டாலும் நான்கு நாளைக்கு வார்டை விட்டு அழைத்துப் போகாதீர்கள் என்று அதில் இருக்கட்டும். மலையகப் பிள்ளைகளும் இன்று மருத்துவம் படிக்கிறார்கள். அதை எழுதும் வேலையை இந்த ஆண்டே அவர்களிடம் கொடுக்கலாம்.