வலிக்குப் பேர் வச்சாச்சு, வலிக்க வச்சவன் பேரு?

'ஆங்க்விஷ்'. தலித் இலக்கியம் பற்றி இங்கிலீஷில் பேச வருகிற பேராசிரியர்கள் பலருக்கு இந்தச் சொல் இல்லாமல் வாய் திறக்காது. பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தது, 2000இல் இங்கிலீஷுக்குப் போனது. அதில் விளையாட்டும் கேலியும் சிரிப்பும் எவ்வளவு கிடக்கிறது! கருத்தரங்க மேடை ஏறியதும் எல்லாம் 'ஆங்க்விஷ்' ஆகிவிடுகிறது. நாம் அழுதால்தான் அவர்களுக்கு இலக்கியம்.

பூம்பாறை, மன்னவனூர் தாண்டி மலைக் கடைசியில் இருக்கிற கிளாவரையில், சாயங்காலம் நம்ம பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லித் தருகிறேன். கைடில் அந்தச் சொல்லுக்குக் 'கடுந்துயர்' என்று போட்டிருந்தது. வாக்கியம் எழுதச் சொன்னேன். 'மழையில் பூண்டு அழுகியது, அப்பாவுக்கு ஆங்க்விஷ்' என்றான் ஒரு பையன். 'மண்டியில் தாத்தாவைச் சாதிப் பேர் சொல்லித் திட்டினார்கள், தாத்தாவுக்கு ஆங்க்விஷ்' என்று எழுதியது ஒரு பொம்பளப் பிள்ளை. இலக்கணப்படி ரெண்டும் சரி. அதுதான் வம்பே. மழைக்கு உள்நோக்கம் கிடையாது, திட்டினவனுக்கு உண்டு. ரெண்டையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டுகிற சொல் யாருக்குத் தோது? லத்தீனில் இதன் வேருக்கு இடுக்கு, நெருக்கடி என்று அர்த்தமாம். சரி, நெருக்குனது யாரு?

தமிழ் மட்டும் யோக்கியமா? 'மனவேதனை அடைந்தார்' என்று பத்திரிகைக்காரன் எழுதுகிறான். அடைந்தவர் இருக்கிறார், அடைய வைத்தவன் வாக்கியத்தை விட்டே ஓடிவிட்டான்.

1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் அவமதிப்புப் பிரிவு நம் வேதனையை அளந்து பார்க்கவில்லை. வேண்டுமென்றே செய்தானா, அவமானப்படுத்தும் நோக்கம் இருந்ததா, பொதுமக்கள் பார்வை படும் இடமா என்று கேட்கிறது. சாதிப் பேர் சொல்லித் திட்டுவதை 2015 திருத்தம் 3(1)(எஸ்) என்று தனிக் குற்றமாகவே ஆக்கியது. ஓட்டையும் உண்டு. வெளியார் யாரும் இல்லாமல் நாலு சுவருக்குள் நடந்தால் அவமதிப்புப் பிரிவு பொருந்தாது என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. (வீட்டுக்குள்ள வச்சு ஏசுனா உறைக்காதா?) ஆனாலும் சட்டத்தின் வாக்கியத்தில் செய்தவன்தான் எழுவாய். மண்டியில் நாலு பேர் பார்த்தார்கள். அதை விட்டுவிட்டு 'மனவேதனை அடைந்தேன்' என்று மட்டும் மனு எழுதிக் கொடுத்தால், ஸ்டேஷன் ரைட்டர் சில்லறைத் தகராறு என்று மடித்து வைப்பார்.

இங்கிலீஷ் வேண்டாம் என்று சொல்லவில்லை. அம்பேத்கர் 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலை இங்கிலீஷில்தான் எழுதினார். தலைப்பிலேயே செய்ய வேண்டிய வேலை நிற்கிறது, ஒப்பாரி இல்லை. அடுத்த வாரம் பிள்ளைகளுக்கு 'இன்சல்ட்', 'இன்டென்ட்', 'விட்னஸ்' மூணும். கைடில் அந்த வரிசை கிடையாது.