எத்தனையும் எவ்வளவும்

ஆங்கிலத்தில் 'லெஸ்', 'ஃபியூவர்' என்று இரண்டு சொற்கள் இருக்கின்றன. தமிழில் இரண்டுக்கும் 'குறைவு' என்ற ஒரே சொல்லையே பெரும்பாலும் வழங்குகிறோம். அதனாலோ என்னவோ, நன்றாக ஆங்கிலம் எழுதும் நம்மவர்கள்கூட இவ்விரண்டையும் வேறுபாடின்றிக் கையாளுகின்றனர். ஆங்கிலேயரே பொருட்படுத்தாத ஒன்றுக்காக நாம் ஏன் மாரடிக்க வேண்டும் என்று கேட்போரும் உளர். இந்த வேறுபாட்டைப் பேணத்தான் வேண்டும் என்பது என் கட்சி. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அல்ல.

பள்ளிக்கூடத்தில் படித்த விதி எளிமையானது. ஒவ்வொன்றாக எண்ணக்கூடியவை குறைந்தால் 'ஃபியூவர்'. அளக்கக்கூடியது குறைந்தால் 'லெஸ்'. பஸ் வண்டிகள் குறைந்தால் 'ஃபியூவர்', பெற்றோல் குறைந்தால் 'லெஸ்'. தமிழருக்கு இது விளங்காத சங்கதி அன்று. எத்தனை மாம்பழம் என்றும் எவ்வளவு சீனி என்றும் நாம் பிரித்துத்தானே கேட்கிறோம்!

ஆயினும் இந்த 'எத்தனை' நம்மைக் கவிழ்த்துவிடும் இடங்களும் உண்டு. தகவல்கள், அறிவுரைகள், தளபாடங்கள் என்று நாம் பன்மையில் எண்ணுபவற்றை ஆங்கிலம் எண்ணுவதில்லை. அங்கு 'இன்ஃபர்மேஷன்', 'அட்வைஸ்', 'ஃபர்னிச்சர்' ஆகியவற்றுக்கு 'லெஸ்' மட்டுமே பொருந்தும். மறுபுறம், 10 மைல், 3 வாரம், 500 ரூபாய் போன்றவை எண்ணைக் கொண்டிருந்தாலும் ஒரே தூரம், ஒரே கால அளவு, ஒரே தொகை. அவற்றின் முன் 'லெஸ் தேன்' என்று எழுதுவதே இயல்பு. விதியை அரைகுறையாகக் கற்றவர் இங்கே 'ஃபியூவர்' என்று திருத்தும்போது பிழையில்லாத வாக்கியத்தைக் கெடுத்துவிடுகிறார்.

விதியின் வரலாறும் அதன் காவலர்களுக்குச் சற்றுச் சங்கடமானது. 9ஆம் நூற்றாண்டில் மன்னர் அல்ஃபிரட் காலத்து ஆங்கிலத்திலேயே எண்ணக்கூடியவற்றுக்கு 'லெஸ்' வழங்கியிருக்கிறது. 1770இல் ரொபேட் பேக்கர் என்பவர், இத்தகைய இடங்களில் 'ஃபியூவர்' நன்றாக இருக்கும் என்று தம் விருப்பமாகவே எழுதினார். அந்த விருப்பம் பின்னர் சட்டமாகிவிட்டது. 2008இல் பிரித்தானியாவின் டெஸ்கோ அங்காடிகள், '10 பொருள்கள் அல்லது அதற்குக் குறைவு' என்ற பலகையில் இருந்த 'லெஸ்' மீது எழுந்த வாதத்துக்கு முடிவுகட்ட, '10 பொருள்கள் வரை' என்று மாற்றி எழுதின. வாதத்தில் வெல்வதைவிட அதைத் தவிர்ப்பது வியாபாரிக்கு இலாபம் அல்லவா?

அப்படியானால் விதியைக் கைவிட்டுவிடலாமா? கூடாது. காரணம் இலக்கணம் அன்று, பொருள்.

கிராமத்து ஆஸ்பத்திரிகளுக்கு 'மோர் எக்ஸ்பீரியன்ஸ்ட் டொக்டர்ஸ்' தேவை என்று ஓர் அமைச்சர் பேசுவதாக வைத்துக்கொள்வோம். அனுபவம் மிக்க டொக்டர்கள் இன்னும் பலர் வேண்டும் என்கிறாரா, இப்போதிருப்பவர்களைவிட அனுபவம் கூடியவர்கள் வேண்டும் என்கிறாரா? அதைத் தமிழாக்கும் செய்தியாளர் தடுமாறத்தான் வேண்டும். முற்காலத்து ஆங்கிலத்தில் எண்ணிக்கைக்கு 'மோ' என்றும் அளவுக்கு 'மோர்' என்றும் தனித்தனிச் சொற்கள் இருந்தன. 'மோ' வழக்கொழிந்தது, குழப்பம் எஞ்சியது.

'குறைவு' என்ற பக்கத்தில் மட்டும் அந்த இரட்டைச் சொல் இன்னும் உயிரோடிருக்கிறது. 'ஃபியூவர் எக்ஸ்பீரியன்ஸ்ட் டொக்டர்ஸ்' என்றால் அனுபவசாலிகளின் எண்ணிக்கை குறைவு. 'லெஸ்' என்றால் இருக்கும் டொக்டர்களின் அனுபவமே குறைவு. ஆளணிப் பற்றாக்குறையைச் சொல்ல வந்தவர் சொல்லை மாற்றிப் போட்டால், அங்கே இரவு பகலாக உழைப்பவர்களின் தகுதியைக் குறை கூறியவராகிவிடுவார்.

அங்காடிப் பலகையில் 'லெஸ்' இருந்தால் யாருக்கும் நட்டமில்லை, விட்டுவிடலாம். ஆனால் செய்தியிலும் அறிக்கையிலும் விண்ணப்பத்திலும் எழுதும் முன்னர், எண்ணுகிறோமா அளக்கிறோமா என்று ஒரு கணம் நம்மையே கேட்டுக்கொள்வது நல்லது. மனிதரைப் பற்றி எழுதும்போது அந்தக் கேள்வி இன்னும் அவசியம்.