பாதையை மூடவும் வேண்டாம்; பாதையை விட்டு விலகவும் வேண்டாம்

இங்கிலாந்தின் தென்கரையை ஒட்டி ‘நியூ ஃபாரஸ்ட்’ என்றொரு தேசியப் பூங்கா இருக்கிறது. பெயருக்குப் ‘புதிய காடு’ என்று பொருள். ஆனால் அதன் வயதோ தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு மேல்! நார்மானிய மன்னர் முதலாம் வில்லியம், கி.பி. 1079-ஆம் ஆண்டு வாக்கில் தம்முடைய வேட்டைக்கென்று ஒதுக்கிக்கொண்ட நிலம் அது. பெயரில் காடு இருக்கிறதே என்று நினைத்து, எங்கும் மரமாக இருக்கும் என எண்ணிவிடக் கூடாது. அந்நாளில் ‘ஃபாரஸ்ட்’ என்றால் வேட்டைச் சட்டத்துக்கு உட்பட்ட நிலம் என்றுதான் பொருள். மரம் இருந்தாலும் ஃபாரஸ்ட், இல்லாவிட்டாலும் ஃபாரஸ்ட்.

2005-ஆம் ஆண்டில் இது தேசியப் பூங்கா ஆயிற்று. பரப்பு சுமார் 566 சதுர கிலோமீட்டர். இதன் நடைபாதை ஒன்றில் ஒரு மணி நேரம் நடந்தால் இருவேறு உலகங்களைக் காணலாம். முதலில் ஓக், பீச் மரங்கள் அடர்ந்த சோலை. நிழலும் ஈரமும் நிறைந்தது. சற்று நேரத்தில் மரங்கள் விலகி, முழங்கால் உயரப் புதர்கள் படர்ந்த பெருவெளி விரிகிறது. ஆகஸ்டு மாதத்தில் அந்த வெளி முழுவதும் ஊதா நிறப் பூக்கள். இந்தக் குறும்புதர் வெளியைத்தான் ஆங்கிலேயர் ‘ஹீத்’ என்கின்றனர். அதில் பூப்பது ஹெதர் என்னும் செடி.

இத்தகைய வெளிகளுக்கு நடக்க வருவோர் தொகை பெருகிவிட்டதால் அங்கே ஒரு வழக்கு எழுந்திருக்கிறது. “பறவைகள் முட்டையிடும் இடத்தில் மனிதருக்கு என்ன வேலை? பாதைகளை மூடிவிடுங்கள்!” என்கின்றனர் ஒரு சாரார். “இது பொது நிலம், விரும்பிய இடமெல்லாம் நடப்பது எங்கள் உரிமை!” என்கின்றனர் மற்றொரு சாரார். இரு சாராரும் தவறு செய்கின்றனர் என்பது என் கருத்து. ஏன் என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

மனிதன் ஆக்கிய வெளி

ஹீத் வெளி தானாகத் தோன்றிய இயற்கைக் காட்சி அன்று. அதை உண்டாக்கியவன் மனிதன். இது எப்படித் தெரியும்? வெண்கலக் காலத்து மக்கள் இறந்தோரைப் புதைத்து அதன்மேல் மண்மேடு எழுப்பினர். அந்த மேட்டின் அடியில் அக்கால நிலத்தின் மேற்பரப்பு அப்படியே மூடப்பட்டுப் போயிற்று. அந்த மண்ணில் சிக்கிய மகரந்தத் துகள்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்தால், அன்று அங்கே என்னென்ன தாவரங்கள் இருந்தன என்று சொல்லிவிடலாம். ஜி. டபிள்யூ. டிம்பில்பி என்ற ஆய்வாளர் இவ்வாறு பல மேடுகளை ஆராய்ந்து 1962-இல் ஒரு நூல் வெளியிட்டார். முன்பு மரங்கள் நின்ற இடங்களில், மனிதர் மரங்களை அழித்த பிறகு, ஹெதர் பரவியதை மகரந்தம் காட்டிக்கொடுத்தது.

மரங்கள் போன பின், பெய்யும் மழை மணற்பாங்கான மண்ணின் சத்துகளைக் கரைத்துக் கீழே இறக்கிவிட்டது. மேலே சாம்பல் நிற மணல் அடுக்கு. அதன் கீழே இரும்புச் சத்து படிந்து இறுகிய அடுக்கு. இவ்வகை மண்ணுக்குப் ‘பாட்சால்’ என்று பெயர். சாம்பலைக் குறிக்கும் ரஷ்யச் சொல்லிலிருந்து வந்தது. இந்த மண் அமிலத் தன்மை மிக்கது. பயிருக்கு ஆகாது. ஆனால் ஹெதருக்கு இதுவே சொர்க்கம்! அதன் மயிரிழை போன்ற வேர்களுக்குள் ஒருவகைப் பூஞ்சை குடியிருந்துகொண்டு, மட்கிய பொருளிலிருந்து நைட்ரஜனைப் பிரித்தெடுத்துச் செடிக்குக் கொடுக்கிறது. செடியோ பூஞ்சைக்குச் சர்க்கரை கொடுக்கிறது. ஏழை மண்ணில் இருவரும் கூட்டாகப் பிழைக்கின்றனர்.

வெளி வெளியாகவே நீடிப்பதற்கும் மனிதனே காரணம். சுற்றுவட்டாரக் கிராமத்தாருக்கு இங்கே மேய்ச்சல் உரிமை உண்டு. அவர்களுடைய மட்டக் குதிரைகளும் மாடுகளும் ஆண்டு முழுவதும் மேய்கின்றன. இலையுதிர் காலத்தில் பன்றிகளைச் சோலைக்குள் விடுவார்கள். உதிர்ந்த ஓக் கொட்டைகள் குதிரைகளுக்கு நஞ்சு. பன்றிகளோ அவற்றை விரும்பித் தின்று தீர்த்துவிடும். முதிர்ந்த ஹெதரைக் குளிர்காலத்தில் பகுதி பகுதியாகக் கட்டுப்பாட்டுடன் எரிக்கவும் செய்கின்றனர். இவை யாவும் நின்றுபோனால் என்ன ஆகும்? பிர்ச், பைன் மரங்களின் விதைகள் காற்றில் வந்து விழும். சில பத்தாண்டுகளில் வெளி மறைந்து மரக்கூட்டமாகிவிடும்.

ஆகவே, “மனிதனை வெளியேற்றினால் இயற்கை பிழைக்கும்” என்னும் வாதம் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. இந்த வெளியிலிருந்து மனிதனை அடியோடு விலக்கினால், முதலில் அழிவது இந்த வெளிதான்.

இரண்டு முட்டைகள்

அப்படியானால் மனிதர் விரும்பியபடி திரியலாமா? கூடாது. இதற்கு இராப்பக்கியைச் சாட்சிக்கு அழைப்போம்.

ஐரோப்பிய இராப்பக்கி, குளிர்காலத்தை ஆப்பிரிக்காவில் கழித்துவிட்டு மே மாதத்தில் ஹீத் வெளிக்கு வந்து சேர்கிறது. கூடு என்று ஒன்றும் கட்டுவதில்லை. வெறும் தரையில் இரண்டு முட்டைகளை இட்டு, அவற்றின்மேல் அசையாமல் அமர்ந்துகொள்கிறது. காய்ந்த சருகும் பட்டையும் போன்ற அதன் சிறகுகளே அதற்குக் கவசம். இரண்டடி தூரத்தில் நின்றாலும் கண்ணுக்குத் தெரியாது.

ஆனால் ஒருவர் பாதையை விட்டு விலகிப் புதருக்குள் கால் வைத்தாலோ, அவிழ்த்துவிட்ட நாய் மோப்பம் பிடித்துக்கொண்டு ஓடினாலோ, பறவை திடுக்கிட்டு எழுந்து பறந்துவிடுகிறது. முட்டைகள் வெட்டவெளியில் கிடக்கின்றன. காகங்களுக்கு அது போதும். இங்கிலாந்தின் டார்செட் வட்டார ஹீத் வெளிகளில் செய்த ஆய்வுகள் இதை உறுதிப்படுத்தியுள்ளன. பாதைகளுக்கு அருகே இருந்த முட்டைகளே மிகுதியாகப் பறிபோயின. இதில் நடந்துபோனவர் ஒரு முட்டையைக் கூட மிதிக்கவில்லை; தாம் செய்த தீங்கு இன்னதென்று அவருக்குத் தெரியவும் தெரியாது.

எத்தனை பேர் என்பதா? எங்கே என்பதா?

இங்கேதான் பாதையை மூடச் சொல்வோர் மகிழ்ச்சி அடைவார்கள். “பார்த்தீர்களா, நாங்கள் சொன்னது சரிதானே!” என்பார்கள். சற்றுப் பொறுங்கள்.

அதே டார்செட் வட்டாரத்தில் மர வானம்பாடி என்னும் சிறு பறவையைப் பற்றி ஓர் ஆய்வு நடந்தது. அதுவும் தரையில் கூடு கட்டுவதே. பல இடங்களில் மனிதர் எத்தனை பேர் வருகின்றனர், பறவைகள் எத்தனை இணைகள் உள்ளன என்று எண்ணி, அதிலிருந்து ஒரு கணித மாதிரியை உருவாக்கினர். முடிவுகள் 2007-இல் வெளியாயின. நடமாட்டம் இப்போது உள்ளபடி சில இடங்களில் மட்டும் செறிந்திருக்கும்வரை, வருவோர் தொகை இரு மடங்கானாலும் பறவைகளின் மொத்தத் தொகைக்குப் பெரிய பாதிப்பு இராது என்றது கணக்கு. ஆனால் அதே இரு மடங்கு மக்கள் எல்லா இடங்களிலும் சமமாகப் பரவி நடந்தால் பறவைகளின் தொகை பெரிதும் குறைந்துவிடும் என்றும் அதே கணக்கு காட்டியது.

இதன் பொருளை நன்றாக மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எத்தனை பேர் நடக்கிறார்கள் என்பதைவிட எங்கே நடக்கிறார்கள் என்பதே முக்கியம். ஒழுங்கான ஒரு பாதையில் நூறு பேர் செல்லலாம். திசைக்கு ஒருவராகப் பத்துப் பேர் திரிந்தால் அந்த வெளியில் பறவைக்கு ஒதுங்க இடமில்லை. பாதை என்பது மனிதன் நடப்பதற்கு மட்டும் போட்டதன்று. அவன் நடக்காத இடத்தை மீதி வைப்பதற்காகவும் போட்டதாகும்.

பாதை போடுவதும் அறிவியலே

நல்ல பாதையை அமைப்பது எளிய வேலை அன்று. தாழ்வான ஈர நிலத்தின் ஊடே பாதை சென்றால், மழைக்காலத்தில் சேறாகும். நடப்பவர் சேற்றைத் தவிர்க்க ஓரமாகச் செல்வார். அடுத்தவர் இன்னும் ஓரமாகச் செல்வார். ஒரு முழப் பாதை நாளடைவில் வண்டிப்பாதை ஆகிவிடும். ஆகவே அங்கே பலகை நடைமேடை வேண்டும். நீர் வடிய வழி வேண்டும்.

மேடாக்கக் கொட்டும் கல்லிலும் கவனம் தேவை. சுண்ணாம்புக் கல்லைக் கொட்டினால், மழையில் சுண்ணாம்பு கரைந்து அமில மண்ணின் தன்மையை மாற்றிவிடும். பாதையின் இரு மருங்கிலும் ஹெதருக்குப் பதிலாகப் புல் தலையெடுக்கும்.

நாயின் கழிவும் அற்ப விஷயம் அன்று. பெல்ஜியத்தில் கென்ட் நகருக்கு அருகேயுள்ள இயற்கைக் காப்பிடங்களில் நடத்தி, 2022-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, நாய்களின் மூலம் ஆண்டுதோறும் ஹெக்டேருக்குச் சுமார் 11 கிலோகிராம் நைட்ரஜனும் 5 கிலோகிராம் பாஸ்பரசும் மண்ணில் சேர்வதாகக் கணக்கிட்டது. வயலுக்கு உரம் நல்லது. ஏழை மண்ணையே நம்பி வாழும் ஹெதருக்கு உரம் பகை.

சோலைப் பகுதியிலும் இதே கவனம் வேண்டும். நியூ ஃபாரஸ்டில் ‘நைட்வுட் ஓக்’ என்ற புகழ்பெற்ற முதிய மரத்தின் சுற்றளவு 7 மீட்டருக்கும் மேல். அத்தகைய மரத்தைச் சுற்றி எல்லோரும் மிதித்தால் மண் இறுகிவிடும். காற்றும் நீரும் வேருக்கு எட்டா. கிழட்டு மரத்தைக் கொல்லக் கோடரி தேவையில்லை. செருப்புக் கால்களே போதும்.

எனவே என் யோசனை இதுதான். பாதைகள் இருக்கட்டும், ஆனால் அவை கூட்டைக் கண்டு விலகிச் செல்லும் பாதைகளாக இருக்கட்டும். கூடு கட்டும் பருவத்தில் சில பகுதிகளை மட்டும் அடைக்கலாம். நியூ ஃபாரஸ்டில் அண்மை ஆண்டுகளில் மார்ச்சு முதல் ஜூலை வரை சில வாகன நிறுத்தங்களை மூடுவது இந்த நோக்கத்தில்தான். இங்கிலாந்தில் 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் பொதுமக்கள் நடக்கத் திறந்துவிட்ட நிலங்களில், இதே ஐந்து மாதங்களில் நாயை இரண்டு மீட்டருக்கு மேற்படாத வாரில் பிடித்துச் செல்ல வேண்டும் என்பது விதி. உரிமையும் கட்டுப்பாடும் ஒரே சட்டத்தில் இருப்பதைக் கவனியுங்கள்.

“கட்டுப்பாட்டை யார் மதிக்கப் போகிறார்கள்? முழுவதும் மூடுவதே பாதுகாப்பு” என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. ஆனால் வரலாற்றைப் பாருங்கள். பிரிட்டனின் தாழ்நிலங்களில் 1800-ஆம் ஆண்டில் இருந்த ஹீத் வெளியில் ஆறில் ஒரு பங்கே எஞ்சியிருப்பதாகக் கணக்கிட்டுள்ளனர். மீதி எங்கே போயிற்று? நடந்தவர்களின் காலடியில் அழியவில்லை. ‘வெறும் தரிசு’ என்று சொல்லி உழுதார்கள், ஊசியிலை மரம் நட்டார்கள், வீடு கட்டினார்கள். அறியாத நிலத்துக்காக யாரும் வாதாட வருவதில்லை. அதன் ஊடே நடந்து, ஹெதரின் பூவையும் அந்தி நேரத்தில் இராப்பக்கியின் இரையும் குரலையும் அறிந்தவனே, அதை விற்க வருகிறவனைத் தடுத்து நிறுத்துவான்.

நம் மலையிலும் அந்த முட்செடி

இதெல்லாம் ஏதோ தூர தேசத்துக் கதை என்று எண்ணாதீர்கள். ஹீத் வெளியில் மஞ்சள் பூப் பூக்கும் ‘கார்ஸ்’ என்னும் முட்புதர் உண்டு. 1962-63-ஆம் ஆண்டுக் கடுங்குளிரில் பிரிட்டன் முழுவதிலும் ஏறத்தாழப் பத்து இணைகளாகக் குறைந்து, பிறகு மீண்டு வந்த டார்ட்ஃபோர்ட் கதிர்க்குருவிக்கு அந்தப் புதரே வீடும் இரை தேடும் இடமும். அதே கார்ஸ் ஆங்கிலேயர் காலத்தில் நீலகிரிக்கு வந்து சேர்ந்தது. இன்று அங்கே மலை உச்சிப் புல்வெளிகளில் களையாகப் பரவி நிற்கிறது. அங்கே உயிர் காக்கும் செடி, இங்கே உயிருக்கு உலை!

நீலகிரிப் புல்வெளியும் நெடுங்காலம் ‘தரிசு’ என்று ஏசப்பட்டதுதான். அங்கும் சீகை மரமும் தைல மரமும் நட்டுப் புல்லை மூடினார்கள். அங்கும் நீலகிரி நெட்டைக்காலி என்னும் சிறு பறவை புல்லுக்கடியில் தரையில் கூடு கட்டுகிறது. டார்செட்டின் கணக்கை அப்படியே இங்கே பொருத்த முடியாது. நம் மலைக்கு நாமே எண்ணிக் கணக்கிட வேண்டும். ஆனால் அங்கே எழுந்த கேள்வி நமக்கும் உரியதே.

மாணவர்களே! மலைக்கோ காட்டுக்கோ பள்ளிச் சுற்றுலா செல்லும்போது, பாதையோரத்தில் ‘விலகிச் செல்லாதீர்’ என்ற பலகையைக் காண்பீர்கள். அதை ஒரு காவலரின் அதட்டல் என்று கொள்ளாதீர்கள். பலகைக்கு அப்பால், உங்கள் கண்ணுக்குத் தெரியாமல், இரண்டு முட்டைகள் இருக்கக்கூடும். பாதையில் உறுதியாக நடங்கள், நிறைய நடங்கள், கண்டதைக் குறித்துக்கொள்ளுங்கள். பாதைக்கு அப்பால் உள்ளதை அதன் சொந்தக்காரர்களுக்கு விட்டுவிடுங்கள்.