பழைய பிக்கப்பும் ஒரு பெருவிரல் அடையாளமும்



இந்தப் பக்கத்தில் தையல், பின்னல், பனையோலை வேலை, பழைய சாமான்களைத் திருத்துதல் என்று வழக்கமாக எழுதிவருகிறேன். இம்முறை ஒரு சின்னப் பிளாஸ்ரிக் வாகனத்தைப் பற்றி எழுதப்போகிறேன். "எங்களுக்கு இது எதற்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாமல் சற்றுப் பொறுமையாக வாசியுங்கள்.

சென்ற ஆண்டு ரொறன்ரோவில் இருக்கும் என் தங்கையிடம் போய் மூன்று மாதம் நின்றேன். அவளுடைய கணவர் காலமாகிச் சில வருடங்கள் ஆகின்றன. ஒரு நாள் நிலக்கீழ் அறையில் பழைய பெட்டிகளை ஒதுக்கிக்கொண்டிருந்த என் பெறாமகன், ஒரு மட்டைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தான். உள்ளே ஒரு சாணுக்குச் சற்றுக் குறைந்த நீளத்தில் சிவப்பு நிறப் பிக்கப் ஒன்று கிடந்தது. பெயின்ட் தடித்துத் தடித்து வழிந்திருந்தது. முன்கண்ணாடி பசை பட்டு மங்கியிருந்தது. பின்கதவைக் காணவில்லை.

"பெரியம்மா, இது அப்பா செய்தது" என்றான்.

தங்கையின் கணவர் 1989 இல் கனடாவுக்குப் போனவர். முதல் மாரியில் வேலை கிடைக்கவில்லை. வெளியே பனி, உள்ளே ஒரு சிறிய அறை. வீட்டுக்காரர் தன் மகன் விட்டுப்போன பெட்டியொன்றை இவரிடம் கொடுத்தாராம். இவருக்கு ஆங்கிலம் வாசித்து விளங்காத காலம். படங்களையும் இலக்கங்களையும் பார்த்துப் பார்த்தே ஒட்டி முடித்தாராம்.

இப்படியான பெட்டிகளை அங்கே "கிட்" என்பார்கள். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 1948 இல் தொடங்கிய ஏ.எம்.ரி. என்ற கம்பனி இவற்றுக்குப் பேர்போனது. உண்மையான வாகனத்தை 25 மடங்கு சிறிதாக்கி, அதன் உறுப்புகளைப் பிளாஸ்ரிக்கில் வார்த்து, குச்சிச் சட்டங்களில் பொருத்தியபடியே விற்றார்கள். வெட்டி எடுத்து ஒட்டுவது வாங்குபவரின் வேலை. 1958 முதல் ஒரே பெட்டிக்குள் மூன்று விதமாகக் கட்டக்கூடிய உறுப்புகளையும் வைத்தார்கள். கடையிலிருந்து வந்தபடி கட்டலாம், அலங்கரித்துக் கட்டலாம், பந்தய வாகனமாகவும் கட்டலாம். எங்கள் கையிலிருந்தது 1953 ஆம் ஆண்டுப் போர்ட் எஃப்-100 பிக்கப்பின் கிட்.

அந்தக் காலத்தில் வருடாவருடம் புதுக் கார் வரும்போது, பல கிட்டுகளின் உருக்கு அச்சையே வெட்டித் திருத்தி அடுத்த வருடக் காரின் அச்சாக மாற்றிவிடுவார்கள். பழைய வடிவம் அதோடு சரி. அப்படிப்பட்டவற்றை விரும்புவோர், யாரோ ஒரு சிறுவன் ஐம்பது அறுபது வருடத்துக்கு முன்னர் கண்டபாட்டுக்கு ஒட்டி வைத்ததைத் தேடி வாங்கித் திருத்துகிறார்கள். எங்களுடைய பிக்கப் அந்த வகையல்ல. அதன் அச்சு தப்பியிருக்கிறது. அண்மைக் காலத்திலும் அதே கிட்டை மறுபடி வெளியிட்டிருக்கிறார்கள்.

"அப்ப புதிசு ஒன்று வாங்கலாமே?" என்று கேட்டேன்.

"புதிசு அப்பா ஒட்டினதில்லையே பெரியம்மா" என்றான். அதற்குமேல் நான் ஒன்றும் கதைக்கவில்லை. இருவருமாக வேலையைத் தொடங்கினோம்.

முதல் வேலை கழற்றுவது. இந்தப் பசை மா, கோந்துபோல இரண்டு துண்டுகளுக்கு நடுவில் நின்று பிடிப்பதல்ல. பிளாஸ்ரிக்கையே கரைத்து இரண்டையும் ஒன்றாக்கிவிடும். இழுத்தால் பொருத்துக்குப் பக்கத்தில்தான் உடையும். அதனால் வாகனத்தை ஒரு பையில் போட்டு இரவு முழுவதும் பிரீசருக்குள் வைத்தோம். குளிரில் பழைய பசை நொறுங்கும் தன்மைக்கு வரும். காலையில் மெல்லிய கத்தியைப் பொருத்தின் வழியே வைத்து மெதுவாக நெம்ப, பெரும்பாலான துண்டுகள் "டிக்" என்று விட்டன. விடாதவற்றை அப்படியே விட்டோம்.

அடுத்தது பெயின்ட். மென்மையானதில் தொடங்க வேண்டும் என்பது எல்லாத் திருத்த வேலைக்கும் பொதுவான விதி. முதலில் சவர்க்காரத் தண்ணீர், பிறகு காயம் துடைக்கும் அற்ககோல். இரண்டுக்கும் அது அசையவில்லை. பின்னர்தான் வாகனங்களுக்கு ஊற்றும் பிரேக் ஒயிலில் இரண்டு நாள் ஊறவைத்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் உரசினோம். சிவப்புத் தோல் தோலாகக் கழன்று வந்தது. பிரேக் ஒயில் உடம்புக்குக் கூடாது. கையுறை போட வேண்டும், யன்னலைத் திறந்து வைக்க வேண்டும், சிறுபிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும், மிச்சத்தைக் கானுக்குள் ஊற்றக்கூடாது. பெயின்ட் கரைக்கும் தின்னர், அசிற்றோன் இரண்டையும் கிட்டவும் கொண்டுபோகக்கூடாது. பெயின்டோடு சேர்த்துப் பிளாஸ்ரிக்கும் கரைந்துவிடும்.

ரயர்களைக் கழற்றும்போது ஒரு புதினம் பார்த்தோம். இறப்பர் போன்ற மிருதுவான ரயர், தான் தொட்டுக்கொண்டிருந்த சில்லை உருக்கிப் பள்ளமாக்கியிருந்தது. மிருதுவான பிளாஸ்ரிக்கில் சேர்க்கும் எண்ணெய்த் தன்மையான பொருள் வருடக்கணக்கில் மெல்ல மெல்லக் கசிந்து கடினமான பிளாஸ்ரிக்கைத் தின்றுவிடுமாம். இரண்டையும் சேர்த்துப் பெட்டியில் மூடி வைக்கக்கூடாது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

அந்தச் சில்லுகள் இனிச் சரிவரா. ஆனால் பெட்டியின் அடியில், அவர் பாவிக்காமல் விட்ட அலங்காரச் சில்லுகள் குச்சிச் சட்டத்திலேயே கிடந்தன. பெறாமகன் அவற்றையே போடத் தீர்மானித்தான். இருந்தபடியே ஆக்க முடியாத இடத்தில், இருப்பதை வைத்து வேறு விதமாக ஆக்குவது. அதுவும் திருத்தம்தான்.

மற்றவற்றையும் இப்படியே சமாளித்தோம். முன்பக்கக் கம்பி வரிசையில் ஒன்று உடைந்திருந்தது. வெறும் குச்சிச் சட்டத்தில் ஒரு துண்டை மெழுகுதிரிச் சுவாலைக்கு மேலே, நெருப்பில் படாமல் பிடித்து இளக்கி, இரு பக்கமும் இழுக்க அது நூல்போல நீண்டது. ஆறியதும் அளவாக வெட்டி ஒட்டினோம். முன்கண்ணாடியைக் கேக் பெட்டியின் தெளிவான மூடியில் வெட்டினோம். முன்விளக்குக் கண்ணாடிக்கு ஒரு துளி வெள்ளைப் பசை. காய்ந்தால் அது கண்ணாடிபோலத் தெளிந்துவிடும். பின்கதவைப் பிளாஸ்ரிக் தகட்டில் செய்தோம். மூன்று தரம் பிழைத்து, நாலாம் தரம்தான் சரியாக வந்தது.

இனித்தான் நான் சொல்ல வந்த விஷயம்.

பெயின்ட் முழுவதும் போன பிறகு கூரையைப் பார்த்தோம். நடுவில் ஒரு பெருவிரல் அடையாளம். பசை பட்ட விரலால் தொட்டிருக்கிறார். பிளாஸ்ரிக் இளகி, விரலின் ரேகை வரிவரியாகப் பதிந்து அப்படியே இறுகிவிட்டது. இவ்வளவு காலமும் சிவப்புப் பெயின்டுக்குக் கீழே இருந்திருக்கிறது.

முறைப்படி என்றால் அதை சாண்ட் பேப்பரால் தேய்த்து மட்டமாக்க வேண்டும். பெறாமகன் தாளை எடுத்துத் தண்ணீரில் நனைத்துவிட்டான். பிறகு கையை வைக்க முடியாமல் தாயைக் கூப்பிட்டான். தங்கை படியிறங்கி வந்து, அதை வெளிச்சத்தில் சரித்துச் சரித்துப் பார்த்தாள்.

"அவர் சொல்லுறவர், கூரையிலை விரல் பட்டுப் பழுதாப் போச்சு, அதை மறைக்கத்தான் இவ்வளவு பெயின்ட் அடிச்சனான் எண்டு" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். சொல்லிவிட்டுத் தன் பெருவிரலை அதன்மேல் வைத்துப் பார்த்தாள். அவளுடைய விரல் சின்னது.

"நீ நினைச்சபடி செய் தம்பி. தேய்ச்சாலும் அவர் கோவிக்கமாட்டார்."

அன்றைக்கு அவன் ஒன்றும் செய்யவில்லை. இரண்டு நாள் கழித்துக் கூரையை விட்டு மற்ற எல்லா இடத்தையும் தேய்த்தான். சவர்க்காரம் போட்டுக் கழுவி, தூசி படாமல் உலர்த்தி, மெல்லிய பூச்சாக நாலு தரம் பெயின்ட் அடித்தான். ஒவ்வொன்றும் நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்தது. தடித்த பூச்சு எல்லாவற்றையும் மறைக்கும். மெல்லிய பூச்சு உள்ளதை உள்ளபடி காட்டும். இப்போது அந்தப் பிக்கப் தங்கையின் வரவேற்பறைத் தட்டில் நிற்கிறது. பளபளவென்ற சிவப்பு, புதுச் சில்லு, புதுக் கண்ணாடி. யன்னல் வெளிச்சம் சரிந்து விழும்போது கூரையில் ரேகை தெரியும்.

சகோதரிகளே, உங்களில் பலரிடம் இப்படி ஏதோ ஒன்று மிஞ்சியிருக்கும். ஒரு தையல் மெசின், தகரப் பெட்டி, சட்டம் உடைந்த படம், பிள்ளையின் விளையாட்டுச் சாமான். எத்தனையோ இடப்பெயர்வுக்குப் பிறகும் கையோடு வந்தது. அதைத் திருத்த நினைத்தால், துடைக்கத் தொடங்குமுன் ஒரு நாள் சும்மா வைத்துப் பாருங்கள். எது அழுக்கு, எது அடையாளம் என்று பிரித்துக்கொள்ளுங்கள். வீட்டில் மற்றவரையும் கேளுங்கள். போன அழுக்கு திரும்பவும் வரும், தேய்த்துப்போன அடையாளம் வராது.

சிலருக்கு ஒரு சாமானும் மிஞ்சவில்லை என்பதும் எனக்குத் தெரியும். அவர்களிடம் இதைப்பற்றி எழுதக் கை கூசுகிறது. என்றாலும் அவருடைய கைப்பழக்கம் ஏதாவது பிள்ளைகளின் கையில் வந்திருக்கும். பெறாமகன் பசைப் போத்தலை இடது கையால் திறப்பதைத் தங்கை எனக்குக் காட்டினாள். தகப்பனும் அப்படித்தானாம்.

அடுத்த மாதம் தையல் மெசினுக்கு எண்ணெய் விடுவது பற்றிப் பார்ப்போம்.